அறை ஹீட்டரா, மின்போர்வையா?

குளிர்கால கரண்ட் பில்லைப் பார்த்துக் கலங்கி, இரண்டில் எதை வாங்கலாம் என்று பலர் கேட்கிறார்கள்.

செலவு: 1500 வாட் ஹீட்டர் 8 மணி நேரம் நிற்காமல் ஓடினால் 12 யூனிட். மின்போர்வை சுமார் 100 வாட்தான். அதே நேரத்துக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. ஹீட்டர் அறைக் காற்று முழுவதையும் சூடாக்க வேண்டும், அந்தச் சூடும் ஜன்னல் இடுக்கில் கசிந்துகொண்டே இருக்கும். போர்வைக்கு உங்கள் உடம்பு மட்டும்தான்.

வசதி: ஹீட்டர் இருந்தால் அறைக்குள் நடமாடலாம். போர்வையில் முடியாது.

பாதுகாப்பு: ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாதீர்கள், தீப்பிடிக்கலாம். கைக்குழந்தைக்கும், சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கும் மின்போர்வை வேண்டவே வேண்டாம். சூடு உறைக்காமலே புண்ணாகிவிடும்.

தூங்க மட்டும் என்றால் போர்வை போதும். பகலில் நாலு பேர் ஒரே அறையில் இருப்பீர்கள் என்றால் ஹீட்டர்.