முழங்காலுக்கு ஓர் இடம்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும்போது சட்டைப்பையில் கோல்டு அட்டை இருந்தது. ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியின் அட்டை. வேலைக்காகப் பறந்து பறந்து சேர்த்தது. ஏர் இந்தியா 2014லிருந்து அந்தக் கூட்டணியில் இருப்பதால் அவர்களிடம் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் சென்னையில் தங்கிய மூன்று வாரங்களுக்கு அலுவலகம் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டுகள் எல்லாமே சிக்கன விமானங்களில். அங்கே என் அட்டையை விட ரேஷன் அட்டை மேல். அதற்குச் சர்க்கரையாவது கிடைக்கும்.

என் உயரம் ஆறடி இரண்டங்குலம். நடு இருக்கையில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவரின் முதுகெலும்பை என் முழங்கால் எண்ணிவிடும்.

பல்லாவரத்தில் மாமா வீட்டில்தான் தங்கினேன். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். "யாரிடமாவது சொல்லி எமர்ஜென்சி கோட்டாவில் போட முடியாதா மாப்பிள்ளை?" என்று கேட்டார். விமானத்தில் எமர்ஜென்சி கோட்டா கிடையாது, எமர்ஜென்சி கதவுதான் உண்டு என்றேன்.

நான் குறிவைத்ததும் அந்தக் கதவைத்தான். ஏர்பஸ் ஏ320 விமானத்தில் இறக்கையருகே அடுத்தடுத்து இரண்டு அவசர வழி வரிசைகள் இருக்கும். இரண்டிலும் கால் நீட்டலாம். ஆனால் முன்னதில் இருக்கை சாயாது, பின்னால் இருக்கும் வழியை மறைக்கும் என்பதால். ஆகவே பின்னதே உத்தமம். குழந்தையோடு வருபவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த வரிசை தரமாட்டார்கள். கைப்பையையும் காலடியில் வைக்க முடியாது.

ஹைதராபாத் பயணத்துக்கு வெப் செக்-இன் திறந்தவுடனே பார்த்தேன். காசில்லாமல் கிடைத்தவை எல்லாம் வால்பக்கத்து நடு இருக்கைகள். இரண்டு பேர் மதியச் சாப்பாடு சாப்பிடும் பணத்தைக் கட்டி அவசர வழி இருக்கையைப் பிடித்தேன். விமானம் ஏறும் வாசலில் வேறு போர்டிங் பாஸ் நீட்டினார்கள்: 27பி, நடு இருக்கை. விமானத்தையே மாற்றிவிட்டார்களாம். "சிஸ்டம் கொடுத்தது சார்" என்றார் ஊழியர். சிஸ்டத்துக்கு முழங்கால் இல்லை. கட்டிய பணம் மூன்று மின்னஞ்சல்களுக்குப் பிறகுதான் திரும்பியது.

பெங்களூருக்குப் போன அன்று பணம் கட்டவில்லை. விடியற்காலை மின்சார ரயிலில் திரிசூலத்தில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாக விமான நிலையத்துக்கு நடந்து, கவுண்டரில் நின்றேன். அங்கிருந்த பெண் என் அடையாள அட்டையைப் பார்த்தார், அண்ணாந்து என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவே இல்லை.

"சார், அவசரம் என்றால் கதவைத் தூக்கி வெளியே போட முடியுமா? பதினைந்து கிலோ இருக்கும்."

"தூக்கிவிடுவேன் அம்மா."

அவ்வளவுதான். விலை போகாமல் கிடந்த இருக்கை எனக்கு வந்தது. அந்த வரிசையில் திடமான ஆள் ஒருவர் இருப்பது அவர்களுக்கும் நல்லதுதானே. அதன்பின் கவுண்டரில் கொஞ்சம் நிமிர்ந்தே நின்றேன். கோயம்புத்தூருக்கும் பலித்தது, திரும்பும்போது பலிக்கவில்லை.

கடைசிப் பயணம் தூத்துக்குடிக்கு. உறவில் ஒரு கல்யாணம் என்று மாமாவும் ஒட்டிக்கொண்டார். அந்த வழியில் வந்தது ஏடிஆர் 72, புரொப்பல்லர் வைத்த சிறிய விமானம். பக்கத்துக்கு இரண்டே இருக்கை, நடு இருக்கை என்ற தொல்லையே கிடையாது. மாமா முதல் வரிசைதான் வேண்டும் என்று பணம் கட்டியே வாங்கினார். நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அந்த விமானத்தில் பயணிகள் ஏறி இறங்கும் கதவு பின்பக்கம்; முன்னால் இருப்பது சரக்கு அறை.

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் இறங்கியதும் மாமா முதல் ஆளாக எழுந்தார். பிறகு மொத்த விமானமும் காலியாகும்வரை மடித்த வேட்டியும் மஞ்சள் பையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"திரும்பிப் போகும்போது கடைசி வரிசைக்குச் சொல்லி வை மாப்பிள்ளை" என்றார்.