மூன்றாம் வருஷத்தில் டி.எஸ்.சி.ஆர். கடன்: நன்மை நிறைய, அபராதம் தாங்கவில்லை

வட்டி இறங்கியிருக்கிறதே, வாடகைக்கு விட இன்னொரு வீடு வாங்க டி.எஸ்.சி.ஆர். கடன் (வாங்குகிறவரின் சம்பளத்தைப் பார்க்காமல், வீட்டின் வாடகையைப் பார்த்துக் கொடுக்கும் கடன்) எடுக்கலாமா என்று நண்பர் கேட்டார். அமெரிக்காவில் முதலீட்டுக்கு வீடு வாங்குகிறவர் என்பதால் அவருக்கு அடிப்படை தெரியும். அந்தக் கடனை நான் வைத்திருந்து பார்த்த அனுபவத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நல்லது. என்னிடம் சம்பளச் சீட்டோ டாக்ஸ் ரிட்டர்னோ கேட்கவில்லை. அசல், வட்டி, சொத்து வரி, காப்பீடு, அசோசியேஷன் கட்டணம் எல்லாம் சேர்ந்த மாதச் செலவை வாடகை தாங்குமா என்பதுதான் கேள்வி. வாடகை 2,000 டாலர், செலவு 1,600 டாலர் என்றால் விகிதம் (அதுதான் டி.எஸ்.சி.ஆர்.) 1.25. அதைத் தாண்டினால் பெரும்பாலும் பேச்சு சுமுகமாகவே போகிறது. சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. முறையாகச் செலவுகளைக் கழித்து வரி கட்டியதற்காகவே “உங்கள் வருமானம் போதாது” என்று வழக்கமான கடனில் திருப்பி அனுப்பப்பட்டவர்களைக் கேட்டால் தெரியும். வழக்கமான கடன்களைக் கொடுத்தவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும் நிறுவனமான ஃபேனி மேயின் வழியில் போனால், முதலீட்டு வீடு வாங்குகிறவருக்குக் கடனுள்ள வீடுகள் மொத்தம் பத்து வரைதான் இருக்கலாம். வாடகையிலும் 75 சதவீதத்தைத்தான் வருமானக் கணக்கில் எடுப்பார்கள்.

மதிப்பீட்டாளர் 1007 படிவத்தில் எழுதிய சந்தை வாடகை, என் ஒப்பந்த வாடகையைவிடக் குறைவு. குறைந்த தொகையையே எடுத்துக்கொண்டார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது, ஆனால் நியாயம்தான். வாடகைக்கு இருப்பவர் நாளைக்கே காலி செய்யலாமே.

என்னால் பொறுக்க முடியாதது, கடனை முன்கூட்டி அடைத்தால் விதிக்கும் அபராதம். என் கடனில் 5-4-3-2-1: முதல் வருஷம் அடைத்தால் பாக்கியில் 5 சதவீதம், அப்புறம் வருஷத்துக்கு ஒரு சதவீதம் குறையும். கையெழுத்துப் போடும்போதே அதைப் படித்தேன், ஒத்துக்கொண்டேன். ஆனாலும் வட்டி இறங்கும் நேரத்தில் அது எப்படிக் கழுத்தைப் பிடிக்கிறது என்பதைக் கணக்குப் போட்டால்தான் புரியும்.

பாக்கி 2,00,000 டாலர், மூன்றாம் வருஷம் என்று வையுங்கள். ரீஃபைனான்ஸ் செய்ய, அதாவது புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைக்க, அபராதம் மட்டும் 6,000 டாலர். புது வட்டி ஒரு சதவீதம் குறைவு என்றால் வருஷத்துக்கு மிச்சமாவது சுமார் 2,000. சரி, ஒரு வருஷம் பொறுக்கலாம் என்றால் அபராதம் 2,000 குறைகிறது, ஆனால் அந்த வருஷ மிச்சமான 2,000 போய்விடுகிறது. இன்று மாறினாலும் அடுத்த வருஷம் மாறினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். வட்டி ஒரு சதவீதத்துக்குமேல் இறங்கினால்தான் அவசரப்படுவதில் அர்த்தம் உண்டு. இதில் புதுக் கடனுக்கான செலவுகளை நான் சேர்க்கவே இல்லை.

கடன் கொடுத்தவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கடன் கொடுத்தவரிடமிருந்து இந்தக் கடனை விலைக்கு வாங்கிக்கொள்ளும் முதலீட்டாளர்கள் சில வருஷ வட்டியை நம்பித்தான் பணம் போடுகிறார்கள். அபராதத்துக்கு ஒத்துக்கொண்டால் வட்டியும் கொஞ்சம் குறையும். இது வியாபாரக் கடனாகக் கருதப்படுவதால், சொந்த வீட்டுக்கடனுக்கு உள்ள கூட்டாட்சிப் பாதுகாப்புகள் பல இதற்குக் கிடையாது. அதெல்லாம் தெரிந்தும் கோபம் அடங்கவில்லை. ஃபேனி மே முதலீட்டுக் கடனில் இந்த அபராதமே கிடையாது. ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டுகிறவனுக்கு, சீக்கிரம் அடைப்பதற்குத் தண்டனையா?

இந்தக் கடன் இல்லாமல் எனக்கு அந்த வீடே கிடைத்திருக்காது. இருந்தும் நண்பருக்கு என் பதில், வேண்டாம். அவருக்கு நல்ல சம்பளம் வருகிறது, ரிட்டர்ன் சுத்தமாக இருக்கிறது, வழக்கமான கடனுக்கே தகுதி உண்டு. வேறு வழியில்லாமல் இதற்கு வருகிறவர்கள், அபராதமே இல்லாமல் ஒன்று, 3-2-1 என்று ஒன்று, 5-4-3-2-1 என்று ஒன்று என மூன்று விதமாகவும் வட்டியைக் கேட்டு வாங்குங்கள். வீட்டை விற்றாலும் அபராதம் உண்டா, வருஷத்துக்கு எவ்வளவு அசலைக் கூடுதலாகக் கட்டலாம் என்பதையும் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும், போனில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.