சாச்சியின் இராட்டைக்குப் பூட்டிய பிடிஎஸ் 7960

இலங்கையின் மருதமுனையில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் இல்லாமல் விடிவதில்லை. என் சாச்சி (சின்னம்மா) சிறுவயதிலிருந்தே நூல் சுற்றுகிறார். தோள்மூட்டு வலியால் இராட்டையின் பெரிய சக்கரத்தைக் கையால் சுற்ற இப்போது முடிவதில்லை. கல்முனையில் பழைய வாகன உதிரிப்பாகக் கடையொன்றில் 12 வோல்ட் வைப்பர் மோட்டார் வாங்கி வந்து சக்கரத்தோடு இணைத்தேன். 2022 மின்வெட்டை இன்னும் மறக்காத சாச்சி, பற்றரியில் ஓட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வேகத்தைக் கட்டுப்படுத்த முதலில் வாங்கியது, எல்லோரும் வாங்கும் சிவப்பு நிற எல் 298 மொடியூல். இந்த வேலைக்கு அதை வாங்காதீர்கள். அந்தச் சிப் பழைய இருமுனை டிரான்சிஸ்டர் வகை. 2 ஆம்பியர் ஓடும்போது 4.9 வோல்ட் வரை அதற்குள்ளேயே தொலையலாம் என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. 12 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்கு 7 வோல்ட்தான் போய்ச் சேரும். மீதி கையைச் சுடும் வெப்பமாகிறது. நூலில் சிக்கு விழுந்து சக்கரம் இறுகும்போதெல்லாம் மோட்டார் நின்றது.

அடுத்து வாங்கியதுதான் பிடிஎஸ் 7960 மொடியூல். விலை இரு மடங்குக்கு மேல். இன்ஃபினியன் நிறுவனம் வடிவமைத்த அரைப்பாலச் சிப்புகள் (மோட்டாரின் ஒரு முனையை பற்றரியின் நேர்முனைக்கோ எதிர்முனைக்கோ மாற்றி இணைப்பவை) இரண்டு சேர்ந்து மோட்டாரை இரு திசையிலும் ஓட்டுகின்றன. சிக்கு விழுந்தால் பின்னோக்கிச் சுற்றி எடுக்கலாம். மின்பாதையின் தடை ஏறக்குறைய 16 மில்லி ஓம். 5 ஆம்பியர் ஓடினாலும் இழப்பு 0.08 வோல்ட், வெப்பம் அரை வாட்டுக்கும் குறைவு. காலை முழுவதும் ஓடிய பின் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

முதல் நாள் சாச்சி காதைப் பொத்திக்கொண்டார். “மகன், இது ஏன் நுளம்பு மாதிரிக் கத்துகிறது?” என்றார். வேகத்தைக் கூட்டிக் குறைக்க, ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை மின்சாரத்தை விட்டு விட்டுத் துடிப்பாகக் கொடுக்கிறது. அந்தத் துடிப்பு இயல்பாக 490 ஹேர்ட்ஸ். அதுதான் மோட்டாரில் கீச்சென்று கேட்கிறது. பிடிஎஸ் சிப் 25 கிலோஹேர்ட்ஸ் வரை தாங்கும் என்பதால் துடிப்பைக் காதுக்கு எட்டாத 20 கிலோஹேர்ட்ஸுக்கு உயர்த்தினேன். சத்தம் அடங்கியது. அன்று சாச்சி வானொலி கேட்டுக்கொண்டே நூல் சுற்றியதைப் பார்த்தபோது எனக்கு உண்டான நிறைவைச் சொல்லில் அடக்க முடியாது.

குறையும் சொல்ல வேண்டும். விளம்பரங்களில் 43 ஆம்பியர் என்று பெரிதாகப் போடுகிறார்கள். அது சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் எல்லை. நாள் முழுவதும் தாங்கும் அளவு அன்று. வெப்பத்தகடு சிப்பின் முதுகில் ஒட்டாமல் பலகையின் மறுபக்கத்தில் இருக்கிறது; சூடு பலகையைத் தாண்டித்தான் போக வேண்டும். 10 ஆம்பியருக்கு மேல் நான் இதை நம்ப மாட்டேன். பற்றரியின் முனைகளை மாற்றிக் கொடுத்துவிட்டால் காப்பாற்றவும் எதுவும் இல்லை. ஃபியூஸ் ஒன்றை நானே தனியாகப் போட்டேன்.

பக்கத்து வீட்டு ராத்தாவும் ஒன்று கேட்டிருக்கிறார். அவருக்காக அதே சிப்பை வைத்து, கிகேட் மென்பொருளில் சொந்தமாக மின்சுற்றுப் பலகை வரைகிறேன். 35 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள செம்பில் 5 ஆம்பியரை 10 பாகை சூட்டு உயர்வுக்குள் கொண்டுபோகக் கிட்டத்தட்ட 2.8 மில்லிமீட்டர் அகலப் பாதை வேண்டும். நான் பாதையாக வரையாமல் செம்பை அகலமாகப் பரப்பிவிட்டேன். மின்தேக்கி சிப்பின் கால்களை ஒட்டியே நிற்கிறது. மோட்டார் மின்னோட்டம் பற்றரியின் எதிர்முனைக்குத் திரும்பும் தரைக்கம்பியும் ஆர்டுயினோவின் தரைக்கம்பியும் தனித்தனியே வந்து ஒரே புள்ளியில் சேர்கின்றன. இரண்டையும் ஒரே மெல்லிய கம்பியில் விட்டுப் பார்த்தபோது, மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் ஆர்டுயினோ அணைந்து மீண்டும் தொடங்கியது.

12 வோல்ட் மோட்டார் வைத்திருப்பவர்கள் இந்த மொடியூலைத் தயங்காமல் வாங்கலாம். வைப்பர் மோட்டார் என்றால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். பலவற்றில் மோட்டாரின் உடலே எதிர்முனை. திசையை மாற்றினால் உடலில் 12 வோல்ட் ஏறிவிடும். சாச்சியின் இராட்டை மரச்சட்டம் என்பதால் தொந்தரவு இல்லை. ராத்தாவுடையது இரும்பு. அதற்கு இறப்பர்த் தகடும், திருகாணிகளுக்குப் பிளாஸ்டிக் உறைகளும் வாங்கி வைத்திருக்கிறேன்.