கடற்கரை வீட்டு மொட்டை மாடிக்கு எது தகும்: சுண்ணாம்பா, கூலிங் பெயிண்டா, தட்டோடா?

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் ராமநாதபுரம் கடற்கரையில் கான்கிரீட் வீட்டில் குடியிருப்போர், சித்திரையில் மாடி அனலாய் இறங்கும்போது ஒரு முறையும், ஐப்பசியில் கூரை ஒழுகும்போது ஒரு முறையும் மொட்டை மாடியைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். வெயிலுக்கு ஒரு மருந்து, மழைக்கு ஒரு மருந்து என்று தனித்தனியாகச் செலவழிக்கும் வழக்கமே இங்கு அதிகம். இவ்விரண்டோடும் ஆண்டு முழுவதும் படியும் கடல் உப்பைச் சேர்த்துப் பார்க்காமல் எந்தப் பூச்சு நல்லது என்று தீர்மானிக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

உப்பு கான்கிரீட்டின் மேற்பரப்போடு நிற்பதில்லை. மயிரிழை வெடிப்பு வழியாக ஈரத்தோடு இறங்கிக் கம்பியை அடைகிறது. துருப்பிடித்த இரும்பு தன் பழைய அளவைப் போலப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் உள்ளிருந்து நெருக்கித் தள்ளுகிறது. முதலில் கம்பி ஓடும் வரிசையிலேயே கூரையின் அடியில் பழுப்புக் கோடு தெரியும், பிறகு காரை பாளமாக விழும். ஆகவே எதைப் பூசுவதற்கும் முன்னால், அறைக்குள் நின்று கூரையின் அடிப்பகுதியைச் சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டியான ஒலி வந்தால் நல்லது. பொத்தென்று வெற்றொலி கேட்டால், அந்த இடத்துக்குக் கீழே கட்டிலோ தொட்டிலோ இருக்கக்கூடாது. அங்கே காரையை உடைத்தெடுத்து, கம்பியின் துருவைத் தேய்த்து நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த சாந்தால் அடைத்த பிறகுதான் மாடிக்கு மேலே என்ன செய்வது என்ற பேச்சே எழ வேண்டும்.

சுண்ணாம்பின் முதல் சிறப்பு அதன் விலை. பெரிய வாளி கூலிங் பெயிண்ட் ஒன்றை வாங்கும் பணத்தில், கூலி உட்பட, நடுத்தர வீட்டின் மாடி முழுவதற்கும் சுண்ணாம்பு அடித்துவிடலாம். புதிதாக அடித்த வெண்மை வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், கறுத்துப்போன வெறும் கான்கிரீட் உறிஞ்சும் வெப்பம் கீழே இறங்குவதில்லை. பிற்பகலில் அறையின் வெப்பம் சில டிகிரி குறைவதை மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாலே உணரலாம். ஏசி உள்ள வீட்டுக்கு இது நேரடியான மிச்சம். வெப்ப அளவை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. கூரை குளிர்ந்த வீட்டில்தான் அப்படி உயர்த்தி வைத்தும் நிம்மதியாகத் தூங்க முடியும்.

சுண்ணாம்பின் குறை, ஒரே வாடை மழையில் பாதி கரைந்துவிடுவது. முதல் நாளே நீற்றி, துணியில் வடிகட்டி, வெள்ளை சிமென்ட்டும் சிறிது பசையும் கலந்து, தரையை நனைத்துவிட்டு மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடித்தால் ஓரளவு தாங்கும். கெட்டியாக ஒரே முறை அடித்தால் செதில் செதிலாக உரியும். பிடிப்புக்காகச் சுண்ணாம்பில் கல் உப்பு போடும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. கடலோரத்தில் அதை அறவே செய்யக்கூடாது, ஏனென்றால் எந்த உப்பைக் கம்பியிடமிருந்து விலக்கி வைக்கப் பாடுபடுகிறோமோ அதையே நம் கையால் பூசுவதாக ஆகும். நீற்றும்போது கண்ணாடி அணிவதும் குழந்தைகளை அண்டவிடாமல் இருப்பதும் கட்டாயம். கொதிக்கும் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

கூலிங் பெயிண்ட் எனப்படும் நெகிழும் வெள்ளைப் பூச்சு, வெயிலைத் திருப்புவதோடு சிறு வெடிப்புகளையும் மூடி நீரைத் தடுக்கிறது. சரியாக அடித்தால் சில ஆண்டுகள் நிற்கும். ஆனால் அந்தச் 'சரியாக' என்பதில்தான் இங்கே சிக்கல். உப்பும் தூசியும் படிந்த தளத்தில் அது ஒட்டுவதில்லை. கொப்புளம் எழும்பித் தோலாக உரிகிறது. கழுவிவிட்டு அடிக்கலாமென்றால், பல வீடுகளின் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளைப் பூப்பு மீண்டும் தளத்தில் நிற்கும். வடகிழக்குப் பருவமழை மாடியை நல்ல தண்ணீரால் கழுவிவிட்டுப் போயிருக்கும் தை, மாசியில், தளம் நன்றாகக் காய்ந்ததும் பெயிண்டை அடித்துவிடுவதே இதற்கு எளிய வழி. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கி, மணலையும் உப்பையும் மாடியில் கொட்டிய பிறகு அவசரமாகப் புரட்டாசியில் அடிப்பவர்களின் பணம்தான் பெரும்பாலும் வீணாகிறது.

தட்டோடு இவ்விரண்டுக்கும் வேறுபட்ட வகை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலக் கனத்துக்குப் போட்டு, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, அதன் மேல் ஓடு பதிப்பது பழைய முறை. கான்கிரீட் தளம் பகலில் விரிந்து இரவில் சுருங்குவதை அந்தக் கனம் மட்டுப்படுத்துவதால் வெடிப்பு குறைகிறது. கம்பிக்கு இதைவிட நல்ல காவல் இல்லை. ஆனால் பகல் வெப்பத்தைத் தேக்கிவைத்து இரவில் மெதுவாக இறக்குவதால், மாடியறையில் படுப்பவர்களுக்கு முன்னிரவு புழுக்கமாகவே இருக்கும். ஓட்டின் மேல் சுண்ணாம்பும் அடித்தால் அக்குறை பெரிதும் நீங்கும். சதுர அடிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாத பாரம் ஏறுவதால், கம்பி துருத்த பழைய தளத்தில் பொறியாளர் பார்க்காமல் இதைப் போடவே கூடாது. புதிதாகக் கட்டுகிறவர்கள், நன்றாக அடித்து இறுக்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால், தயங்காமல் இதையே தேர்ந்தெடுக்கலாம்.

தகரக் கொட்டகை நிழல் தரும் என்பது உண்மை. ஆயினும் தகட்டுக்கு முன்பே அதைப் பிடிக்கும் கொக்கி போல்ட்டுகள் துருத்துவிடும் இக்கரையில், புயல் காற்றில் பறக்கும் தகடு அடுத்த வீட்டாரின் உயிருக்கு ஆபத்து என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

எந்தப் பூச்சும் வாட்டத்துக்கு ஈடாகாது. பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது சரிவு இல்லாத மாடியில் தண்ணீர் தேங்கிச் சுண்ணாம்பையும் பெயிண்டையும் ஒருசேரக் கெடுக்கும். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ஆயிரம் சதுர அடி மாடிக்கு அது ஏறக்குறைய 37,000 லிட்டர். நானூறு சதுர அடிக்கு ஒரு நாலங்குலக் குழாயாவது வேண்டும்; புரட்டாசியில் அவற்றின் வாயிலுள்ள இலையையும் காக்கைக் கூட்டுக் குச்சியையும் அள்ளிவிட வேண்டும்.

குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் ஊர்களில், மாடி மழைநீரைத் தொட்டியில் பிடிப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு சுண்ணாம்பின் பக்கமே சாய்கிறது. முதலிரண்டு மழையை வெளியே விட்டுவிட்டால் சுண்ணாம்பு மாடியின் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டிக் குடிக்கலாம். பெயிண்ட் அடித்த மாடியென்றால், குடிநீர் பிடிக்க ஏற்றது என்று வாளியிலேயே எழுதியிருந்தாலொழிய, அந்தத் தண்ணீரைத் துவைக்கவும் செடிக்கு ஊற்றவும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.