லேசிக் செய்து நான்கு வருஷம்: கண்ணாடி போச்சு, ஃபேன் சண்டை வந்துச்சு

போன வாரம் இடது கண்ணில் வைத்திருந்த பிளக் எங்கேயோ விழுந்துவிட்டது. கடுகில் பாதிகூட இருக்காது, சிலிகான் துண்டு, கீழிமையின் மூக்கோர முனையில் கண்ணீர் வடிகிற ஓட்டையை, கண் காயாமலிருக்க, அடைக்க வைப்பது. கண்ணைக் கசக்கும்போது விழுந்திருக்கும். தலையணை உறையை உதறிப் பார்த்துவிட்டு, எதைத் தேடுகிறோம் என்று எனக்கே சிரிப்பு வந்து விட்டுவிட்டேன். மறுநாள் போய் வேறு ஒன்று வைத்துக்கொண்டு வந்தேன், கண் மரத்துப்போக ஒரு சொட்டு, ஒரு நிமிஷ வேலை. அன்றைக்குச் சாயந்திரமே அக்கா மகள் வாட்ஸ்அப்பில் கேட்கிறாள், "மாமா, நீங்க லேசிக் பண்ணி நாலு வருஷம் ஆச்சுல்ல, நானும் பண்ணிக்கட்டுமா?" லேசிக் என்றால் கண்ணாடி பவரைப் போக்க லேசரால் செய்கிற கண் ஆபரேஷன். அவளுக்குப் பவர் மைனஸ் நாலே முக்கால். தை மாசத்துக்குள் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், கண்ணாடி இல்லாமல் போட்டோ வேண்டுமாம். அதைப் படித்ததும் வந்த எரிச்சலில் பாதி பிளக்கால், மீதி போட்டோவால். அவளுக்கு வாய்ஸ் மெசேஜில் சொன்னால் அரைகுறையாகப் போகும் என்று இங்கேயே எழுதிவிடுகிறேன்.

லேசர் எப்படிச் செய்கிறார்கள், எவ்வளவு ஆகும் என்பதெல்லாம் எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் வருவீர்கள், அதை விடுகிறேன். எனக்கு மைனஸ் ஐந்தரை, இரண்டு கண்ணும். பெங்களூரில் செய்தேன். ஒரு கண்ணுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. முடி கருகுகிற மாதிரி ஒரு வாசனை வந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலையில் காவேரிப்பட்டணத்தில் வீட்டு மாடியில் நின்று தென்னை மரத்தில் ஓலை ஓலையாக எண்ணினேன். ஒன்பதாவது படிக்கும்போது கண்ணாடி போட்டவன், பதினாறு வருஷம் கழித்து படுக்கையில் இருந்தபடியே சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தை நான் இன்றைக்கும் குறைத்துச் சொல்ல மாட்டேன். மழையில் வண்டி ஓட்டும்போது கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டியவனுக்குத்தான் அது தெரியும். பார்வை இன்றைக்கும் 6/6, அதாவது குறையே இல்லை. பவர் திரும்ப வரவில்லை. ராத்திரியில் தொப்பூர் கணவாயில் எதிரே வருகிற லாரி விளக்கைச் சுற்றி முதல் ஐந்தாறு மாசம் சூரியகாந்திப் பூ மாதிரி விரிந்தது, இப்போது அதுவும் பெரிதாக இல்லை.

பிரச்சினை பார்வையில் இல்லை, கண்ணீரில்.

டாக்டர் சொல்லவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், அது அநியாயம். "மூணு மாசம் ட்ரைனெஸ் இருக்கும், சொட்டு போடணும்" என்று சொன்னார். பாரத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்தும் இருந்தது, நான்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். ஆனால் 'ட்ரைனெஸ்' என்று அவர் சொன்னதும் நான் நினைத்தது, மாசி மாசம் உதடு காய்கிற மாதிரி ஏதோ என்று. இது அது இல்லை. சாயந்திரம் நாலு மணிக்கு மேல் இமைக்கு உள்ளே கிரானைட் தூள் போன மாதிரி அறுக்கும். நான் வேலை செய்வதும் கிரானைட் கம்பெனி ஆபீசில்தான், அதனால் முதலில் தூசி என்றே நினைத்து ஒரு மாசம் கண்ணைக் கழுவிக் கழுவி இன்னும் கெடுத்துக்கொண்டேன். இதில் வேடிக்கை என்னவென்றால் காய்ந்த கண்ணிலிருந்துதான் தண்ணீர் அதிகம் கொட்டும். வண்டியில் போகும்போது தாரை தாரையாக வழியும். உறுத்தல் தாங்காமல் கண் ஒரேயடியாகக் கொட்டுகிற வெறும் தண்ணீர் அது, கண்ணில் நிற்காது. "உனக்குப் போய் கண்ணு காயுதா, இவ்வளவு அழுவுற" என்று ஆபீசில் கேலி செய்தார்கள்.

ஏன் இப்படி என்று பிறகு டாக்டரே பொறுமையாகச் சொன்னார். கருவிழியின் மேல் ஒரு மெல்லிய மூடி மாதிரி அறுத்துத் திறந்து, உள்ளே லேசர் அடித்து, திரும்ப மூடுகிறார்கள். அறுக்கும்போது அங்கே இருக்கிற நுண்ணிய நரம்புகளும் அறுபடும். கண் காய்ந்துபோச்சு என்று கண்ணீர்ச் சுரப்பிக்குச் சொல்கிறவை அந்த நரம்புகள்தான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் மோட்டார் நன்றாக இருக்கிறது, போரில் தண்ணீரும் இருக்கிறது, தொட்டி காலி என்று சொல்கிற ஒயர் மட்டும் அறுந்துவிட்டது. முதல் இரண்டு மூன்று மாசம் வெங்காயம் நறுக்கினால்கூட எனக்கு எரியவில்லை, வீட்டில் அந்த வேலை முழுக்க என் தலையில் விழுந்தது, நானும் பெருமையாகவே செய்தேன். நரம்பு திரும்ப வளரும். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாசம், ஒரு வருஷத்தில் சரியாகிவிடுகிறது. என்னோடு அதே வாரம் செய்துகொண்ட நண்பனுக்கு நாலாவது மாசமே சொட்டு பாட்டில் தேவைப்படவில்லை. எனக்கு மட்டும் நிற்கவில்லை.

காரணம் கண்டுபிடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. இமை ஓரத்தில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன, அந்த எண்ணெய் கண்ணீரின் மேல் ஏடு மாதிரி படர்ந்து அதைக் காயவிடாமல் வைக்கும். எனக்கு அந்த எண்ணெய் இறுகிப்போய் வெளியே வரவில்லை. ஆபரேஷனுக்கு முன்பே அப்படித்தான் இருந்திருக்கும், எட்டு வருஷம் காண்டாக்ட் லென்ஸ் போட்டவன், பத்து மணி நேரம் கம்ப்யூட்டரில் ஈ-வே பில் போடுகிறவன். சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை போல இமைப்போமாம், திரை முன்னால் உட்கார்ந்தால் அது மூன்றில் ஒரு பங்காகிவிடும். மஞ்சள் சாயம் விட்டு நீல விளக்கில் பார்த்தபோது என் கண்ணீர்ப் படலம் நாலு நொடியில் கிழிந்தது. பத்து நொடியாவது நிற்க வேண்டும். இமைக்குள் வடிதாள் துண்டைச் செருகி ஐந்து நிமிஷம் உட்கார வைக்கிற சோதனையில் 6 மில்லிமீட்டர் நனைந்தது. 10க்கு மேல் நனைந்தால் நல்லது என்றார்.

சரி, இப்போது ஃபேனுக்கு வருகிறேன், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சித்திரை, வைகாசியில் ஃபேன் இல்லாமல் தூங்குகிறவன் யாராவது இருந்தால் காட்டுங்கள். எங்கள் வீட்டில் ஃபேன் ஐந்தில் ஓடும், என் மனைவிக்கு நாலு என்பதே புழுக்கம். அந்தக் காற்று நேராக மூஞ்சியில் இறங்கும். தூக்கத்தில் இமை நூல் அளவு திறந்திருந்தாலே போதும். ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வரும். விழிப்பு வந்ததும் கண்ணைத் திறந்தால் செத்தோம், இமை கருவிழியோடு ஒட்டியிருக்கும், வெடுக்கென்று திறந்தால் தோலை உரித்த மாதிரி ஒரு வலி, அப்புறம் அன்றைக்கு முழுக்க கண் சிவந்தே இருக்கும். ரெண்டு தடவை அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். விழிப்பு வந்தாலும் இமையைத் திறக்காமல், உள்ளேயே விழியை மெதுவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்ட வேண்டும். கையால் துழாவி ஜன்னல் மேடையில் இருக்கிற சொட்டை எடுத்து, மூடிய கண்ணின் மூக்கோர மூலையில் இரண்டு சொட்டு தேங்கவிட்டு, அது கசிந்து உள்ளே போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். இருட்டில் இதைச் செய்யும்போது ஒரு தடவை தைல பாட்டில் கையில் வந்துவிட்டது, மூடியைத் திருகும்போது வாசனை வந்ததால் பிழைத்தேன். அதிலிருந்து தைலம் சமையலறையில் இருக்கிறது.

இதற்காக ராத்திரி ஜெல், கண்ணை மூடிக் கட்டும் துணி, நீச்சல் கண்ணாடி மாதிரி ஒன்று, எல்லாம் வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு படுத்தால் என் பெண் "அப்பா தவளை" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினாள். கட்டிலைத் திருப்பிப் போட்டோம். டேபிள் ஃபேன் வாங்கி மனைவி பக்கம் வைத்தோம், அதன் காற்று கால்மாட்டில் பட்டு என் பக்கமே திரும்பியது. ஆபரேஷனுக்கு முன்னால் என்னிடம் ஆயிரம் கேள்வி கேட்டார்கள், சர்க்கரை உண்டா, மூட்டுவலி உண்டா, எந்த மாத்திரை சாப்பிடுகிறாய். 'நீ எந்த ஊர், ஃபேனுக்குக் கீழேயா படுக்கிறாய்' என்று ஒரு ஆள் கேட்கவில்லை. ஆடிக்காற்றில் நேஷனல் ஹைவேயில் தினம் கிருஷ்ணகிரிக்கு வண்டியில் போய் வருகிறவனா என்றும் கேட்கவில்லை.

உருப்படியான விஷயமும் சொல்கிறேன். பாட்டில் சொட்டில் கெடாமலிருக்கப் போடுகிற மருந்தே ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை விடுகிறவன் கண்ணை இன்னும் அரிக்கும். நான் முதல் வருஷம் முழுக்க அதைத்தான் விட்டேன். இப்போது உடைத்துப் போடுகிற குட்டிக் குப்பிகள்தான், விலை அதிகம், மாசம் 600 ரூபாய்க்குக் குறையாது, ஆனால் வித்தியாசம் பத்தே நாளில் தெரிந்தது. தினம் ராத்திரி வெந்நீரில் முக்கிப் பிழிந்த துணியைப் பத்து நிமிஷம் இமை மேல் வைத்து ஓரத்தை லேசாக நீவிவிடுவதுதான் எல்லாவற்றையும்விட வேலை செய்தது, காசே இல்லை. பிளக் வைத்த பிறகு சொட்டு விட்டால் தொண்டையில் இறங்கும் கசப்பும் நின்றுவிட்டது. அது ஒரு சின்ன நிம்மதி.

எதிர்பாராத சந்தோஷம் என்று ஒன்று உண்டென்றால் அது ஒகேனக்கல். போன புரட்டாசியில் சொந்தக்காரர்களோடு போனோம். பரிசலில் அருவிப் பக்கம் போகப் போகச் சாரல் மூஞ்சியில் அடிக்கிறது. முன்பெல்லாம் அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, வெள்ளையாக ஏதோ இரைகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வருவேன். இந்தத் தடவை பாறையில் நீர் மோதித் தெறிப்பது துளித் துளியாகத் தெரிந்தது, அதைவிட, காலை பத்திலிருந்து சாயந்திரம் வரை ஒரு சொட்டுகூட விடவில்லை. நினைவே வரவில்லை. மீன் சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் பையில் குப்பி அப்படியே இருப்பது கையில் பட்டது. திரும்பி வரும்போது பென்னாகரம் தாண்டவில்லை, அறுக்க ஆரம்பித்துவிட்டது.

அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான எஃப்டிஏ சேர்ந்து நடத்திய ஆய்வில் லேசிக் செய்துகொண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பார்வை திருப்தி என்றே சொன்னார்கள். அதே ஆய்வில், முன்பு கண் காய்கிற தொல்லையே இல்லாதவர்களில் நூற்றுக்கு 28 பேர் வரை மூன்றாவது மாசம் புதிதாக அது இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும் என்று யாராவது கேட்டால் என்னைப் பாருங்கள். பார்வைக்கு எத்தனை மார்க் என்று கேட்டால் பத்துக்குப் பத்து போடுவேன், கண்ணுக்கு எத்தனை என்று கேட்டால் நாலு.

அதனால் பாப்பா, பண்ணாதே. போட்டோவுக்குத்தான் என்றால் அந்த ஒரு நாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொள், பார்க்க வருகிறவன் கண்ணாடி பிடிக்கவில்லை என்றால் அவன் வேறு வீடு பார்க்கட்டும். இது நேற்று ராத்திரி மூன்று மணிக்கு எழுந்தவன் சொல்வது, ஐப்பசி மழையில் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ கேட்க மாட்டாய் என்றும் தெரியும், உங்க அம்மா வழி அப்படி. பண்ணித்தான் தீருவேன் என்றால் லென்ஸ் போடுவதை இன்றைக்கே நிறுத்து, அந்த வடிதாள் சோதனையையும் இமை எண்ணெயையும் முதலில் பார்க்கச் சொல், எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி வாங்கிக்கொண்டு எனக்கு அனுப்பு. வெள்ளிக்கிழமை லீவு போடுகிறேன், கூட வருகிறேன்.