வெள்ளவத்தையில் விடிய ஐந்தரைக்கு ஒரு மேட்ச்

2023 பெப்ரவரியில் அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்காகக் கொழும்பு போயிருந்தேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் லொட்ஜ். அறை துப்புரவு, தண்ணீர் நல்ல அழுத்தம், பக்கத்திலேயே இடியப்பமும் சொதியும். குறை சொல்ல ஒன்றுதான் இருந்தது.

கனடாவின் ஸ்காபரோவில் பள்ளி அணிக்கு உதைபந்தாடும் என் மகள், "அப்பா, 16ஆம் திகதி மேட்சை நீங்களும் பாக்கோணும்" என்று கட்டளை போட்டிருந்தாள். அமெரிக்கா 2016இலிருந்து மூன்று நாடுகளை அழைத்து நடத்தும் பெண்கள் உதைபந்தாட்டப் போட்டி, ஷீபிலீவ்ஸ் கிண்ணம். அந்த முறை கனடா, பிரேசில், ஜப்பான். முதல் ஆட்டம் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும். அமெரிக்காவின் ஒர்லாண்டோவில் இரவு ஏழு மணி என்றால் எங்களுக்கு மறுநாள் விடிய ஐந்தரை. சம்பளத்துக்கும் செலவுக் குறைப்புக்கும் எதிராக வேலைநிறுத்தம் என்று நின்ற கனடாப் பெண்கள், வழக்குப் போடுவோம் என்று கனடா உதைபந்தாட்டச் சம்மேளனம் வெருட்டியதால் ஆட வந்திருந்தார்கள். ஒலிம்பிக் தங்கம் வென்ற அணிக்கு இந்த நிலை!

நான் பயந்தது கரண்டுக்கு. நாளுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், கட்டணத்தை 66 வீதம் கூட்டிய கையோடு இனி வெட்டு இல்லை என்று அறிவித்திருந்தார்கள். சொன்னபடியே கரண்ட் இருந்தது. வைஃபைதான் இல்லை.

கீழே போய்க் கேட்டேன். "ராவிலை அதை நிப்பாட்டி வைக்கிறது ஐயா, கரண்ட் பில் கூடுதெண்டு. ஏழு மணிக்குப் போடுவம்" என்றார் காவலுக்கு இருந்தவர். அவரைக் கோபித்து என்ன பயன்?

சரி, விமான நிலையத்தில் வாங்கிய சிம் இருந்தது. நான்கு பார் சிக்னல். ஆனால் கனடாவில் மாதாமாதம் காசு கட்டும் அப் 'உங்கள் பகுதியில் பார்க்க முடியாது' என்றது. கடைசியில் மகள் வாட்ஸ்அப் வீடியோவில் வந்து, தன் போனை ரிவிக்கு முன்னால் புத்தகங்களில் சாய்த்து வைத்தாள். கனடா அணி ஊதா நிற ரீசேர்ட்டில் 'போதும் என்றால் போதும்' என்ற வாசகத்தோடு நின்றதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. அமெரிக்காவின் மலோரி ஸ்வான்சன் இரண்டு கோல் அடித்தார், கனடா 2-0 எனத் தோற்றது. ஒரு தடவைகூடப் படம் உறையவில்லை. அந்த சிம்மைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். டேட்டா முடிந்தால் எந்தப் பெட்டிக்கடையிலும் ரீலோட் போடுவார்கள்.

"அங்க கேர்ள்ஸ் டீம் இல்லையா அப்பா?" என்று இடைவேளையில் கேட்டாள். இருக்கிறது. 2012இல் தெற்காசிய மகளிர் கிண்ணமே கொழும்பில்தான் நடந்தது. ஆனால் அந்த ஜனவரியில்தான் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியிருந்தது. தடை நீங்க ஓகஸ்ட் ஆனது. நிர்வாகத்தில் பெரியவர்கள் பிடுங்குப்பட, சர்வதேச ஆட்டம் இல்லாமல் போனது பிள்ளைகளுக்கு.

புறப்படும் நாளில் லொட்ஜ் பில்லில் வைஃபைக்கென்று தனியாக ஒரு வரி இருந்தது. விரலால் தொட்டுக் காட்டினேன். முதலாளி ஒன்றும் பேசாமல் பேனையால் வெட்டிவிட்டார்.