‘பெட் சேஃப்’னு சொல்லி வித்த செடி: இகுவானா வெச்சிருக்கறவங்க படிச்சிருங்க

கொழிஞ்சாம்பாறையில இருந்து எழுதறேன். பாலக்காடு, பொள்ளாச்சி சுத்துவட்டாரத்துல யாராச்சும் இகுவானாங்கற பெரிய பல்லிக்கு உசுருள்ள செடி வெச்சு கூண்டு செட்டப் பண்ண ஆள் தேடிட்டு இருந்தீங்கன்னா, அட்வான்ஸ் போடறதுக்கு முன்னால ஒரு தடவை இதப் படிச்சிருங்க. கடை பேரு போடல, போட்டா இன்னொரு தலைவலி.

என்கிட்ட இருக்கறது ஒரு பச்சை இகுவானா, ஒரு வயசு, வாலோட சேத்தி ரெண்டரை அடி. வெளிநாட்டுப் பிராணி வளர்க்கறதப் பதியற அரசு வெப்சைட்டு பரிவேஷ்ல பதிஞ்சு பேப்பரெல்லாம் இருக்குது, அதனால அந்தக் கேள்வி வேண்டாம். எங்க அப்புச்சிக்கு மட்டும் அது இன்னைக்கும் ‘பெரிய கரட்டான்’ தான், அதாவது ஓணான். அஞ்சடி உசரக் கூண்டுக்குள்ள மண்ணு, செடி, லைட்டு, ஏறிப் படுக்கக் கட்டை எல்லாம் சேத்தி 18,500 ரூபாய்னு பேசி, பாதிய ஜிபேல போட்டு, மீதிய கையில குடுத்தேன். வந்தவரு ரெண்டு மணி நேரத்துல முடிச்சுட்டு, ‘எல்லாமே பெட் சேஃப் செடி தம்பி, கண்ண மூடிட்டு விடுங்க’ன்னுட்டுப் போயிட்டாரு. பாக்கறதுக்குச் சும்மா நெல்லியாம்பதியாட்டம் இருந்துச்சு, நானும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சேன், வெக்கமா இருக்குது இப்ப.

நாலாம் நாள் காலையில பாத்தா வாயில நுரை நுரையா எச்சி வழியுது, உதடு வீங்கி, தலையத் தூக்காம மூலையில கெடக்குது. பெரிய இலை ஒண்ணுல பாதிக்கு மேல காணோம். கார எடுத்துட்டு மண்ணுத்தி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், ரெண்டு மணி நேரம், வழியெல்லாம் எனக்குக் கை நடுங்குது. டாக்டர் போன்ல இருந்த போட்டோவப் பாத்த ஒடனே சொல்லிட்டாங்க, அது டிஃபன்பேக்கியா. கருணைக்கிழங்க சரியா வேகவெக்காமத் தின்னா நாக்கு அரிக்குமில்ல, அதே குடும்பம்தான், இலைக்குள்ள ஊசி ஊசியா கால்சியம் ஆக்சலேட் இருக்கும், கடிச்சா வாயெல்லாம் குத்தி வீங்கிரும். கட்டையச் சுத்தி விட்டிருந்த மணி பிளான்ட்டும் அதே குடும்பம்தான்.

இங்கதான் விஷயமே இருக்குது. பூச்சி மட்டும் திங்கற பல்லி வளர்க்கறவங்க மணி பிளான்ட் வெப்பாங்க, அது இலையத் தொடாது, பிரச்சினையில்ல. இகுவானா இலை தின்னுதான் உசுரோட இருக்கற ஜீவன். எந்தப் பிராணிக்கு சேஃப்னு சொல்லாம பொதுவா ‘பெட் சேஃப்’னா அதுக்கு அர்த்தமே இல்லீங்க. அவரு ஒரே செட்டப்ப எல்லாருக்கும் வித்துட்டு இருக்காரு.

வீட்டுக்கு வந்து கோவத்துல எல்லாத்தையும் புடுங்கினேன். செடிய வேருக்குப் பழைய மண்ணக்கூட ஒதறாம, நர்சரிப் பையக் கிழிச்சு அப்படியே எறக்கியிருக்காரு. அந்த மண்ணுக்குள்ள ஊதாக் கலர்ல குட்டிக் குட்டிக் குருணை. நான் உரம்னு நெனச்சேன். அப்புச்சி கிட்ட வந்து பாத்துட்டு, ‘சாமி, கைய எடு மொதல்ல. இது வாழைக்குப் போடற குருணையாட்டம் இருக்குது’ன்னாரு. ஃபியூரடாங்கற பூச்சி மருந்துன்னு அவரு சொல்றாரு, லேப்ல குடுத்துப் பாக்கல, ஆனா வாழையில வேலை செஞ்ச மனுசன் சொல்லும்போது எனக்கு சந்தேகமில்ல. அது கேரளாவுல 2011லயே தடை பண்ணின மருந்து, செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுல கெடைக்குது, செடியும் அங்கயும் இங்கயும் லாரியில போயிட்டுத்தான இருக்குது. இந்த வகை மருந்து வேர் வழியா இலைக்கும் ஏறும், அதனால மேல கழுவினா மட்டும் போகாது. நல்லவேளை, டிஃபன்பேக்கியா வாயக் கெடுத்ததால அது வேற எதையும் திங்கல.

லைட்டு கதை இன்னும் மோசம். இகுவானா எலும்புக்கு யூவிபிங்கற புற ஊதா ஒளி வேணும். ‘தனியா யூவிபி வேண்டாம், இந்த குரோ லைட்டே போதும்’னு ரோஸ் கலர்ல ஒண்ணு மாட்டிட்டுப் போனாரு. பெட்டியில 450, 660 நானோமீட்டர்னு அச்சடிச்சிருக்குது, யூவிபின்னா 280ல இருந்து 315க்குள்ள வரணும். செடி வளரும், இகுவானாவுக்கு எலும்பு வளையும். கட்டைய குளூ கன்ல ஒட்டியிருந்தாரு, கையால இழுத்தேன், கூடவே வந்துருச்சு. அடியில தண்ணி வடிய எடமே இல்ல, தேங்கா நார்த் தூளு கோகோபீட்ட உப்புப் போகக் கழுவவும் இல்ல, நார் மில்லு இத்தனை இருக்கற ஊர்ல இது தெரியாதுன்னா யாரு நம்பறது.

போன் பண்ணினா, ‘அண்ணா, இலையத் தின்னா நான் என்ன பண்றது’ன்னாரு. தம்பின்னு கூப்பிட்டவரு அன்னைக்கு அண்ணாங்கறாரு. அப்பறம் பிளாக். துண்டுச்சீட்டுல ‘டெக்கரேஷன்’னு எழுதிக் குடுத்திருக்காரு, அத வெச்சு நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் பண்ணியிருக்கேன், பாக்கலாம். பில்லுல ஒவ்வொரு செடி பேரையும் எழுதி வாங்கியிருந்தா இப்ப கை ஓங்கியிருக்கும்.

இப்ப அடியில களிமண் உருண்டை, மேல வலை, அதுக்கு மேல மூணு தண்ணி கழுவின கோகோபீட்டும் எங்க தோட்டத்து மண்ணும் போட்டிருக்கேன். கட்டைய கூண்டு சட்டத்தோட ஸ்க்ரூ போட்டு முடுக்கியாச்சு, நான் தொங்கினாலும் வராது. செடின்னா வேலியில மருந்தே படாம நின்ன செம்பருத்தியில குச்சி வெட்டி நட்டது, ஸ்பைடர் பிளான்ட் ரெண்டு, ஒரு மல்பெரி. தொட்டிய வெளியவே வெச்சு வளர்த்து, வாரம் ஒண்ணா மாத்தி மாத்தி உள்ள வெக்கறேன், இல்லாட்டி ஒரே நாள்ல மொட்டையடிச்சுருது. பத்து நாள் கழிச்சு மொதல் தடவையா ஒரு செம்பருத்திப் பூவத் தின்னுச்சு.

அந்த டிஃபன்பேக்கியாவ ரோட்டோரம் போட்டா மாடு வாய வெச்சுருமேன்னு, அப்புச்சி கையில பிளாஸ்டிக் பையச் சுத்திக்கிட்டு, கெணத்துக்குத் தூரமா குழி தோண்டி மண்ணோட சேத்திப் பொதைச்சாரு.